பதினேழு ஈ

மே 3, ஞாயிறு

ஞானதுரை சார் வகுப்பில் எல்லாரையும் நாட்குறிப்பு எழுதச் சொல்லிவிட்டார். “மனசுல உள்ளதக் கொட்டிருங்க. மனசு லேசாயிரும். லேசான மனசுலதான் பாடம் ஏறும்” என்றார். என் மனதில் இப்போது உள்ளது: உளுந்து ஊறப் போட்டு மூன்று மணி நேரம் ஆகிறது, கிரைண்டர் ஓடவில்லை. கொட்டிவிட்டேன். லேசாகவில்லை.

கிரைண்டர் ஓடாததில் ஒரு விசேஷம் உண்டு. என் வீட்டுக்காரர் வேலாயுதம் சங்கரன்கோவில் வட்டாரத்திலேயே பேர்போன மிக்ஸி, கிரைண்டர் மெக்கானிக். ஊர்க் கிரைண்டரெல்லாம் இவர் கை பட்டுச் சுற்றுகிறது. வீட்டுக் கிரைண்டர் மட்டும் மூன்று வாரமாக ஓய்வில் இருக்கிறது. கேட்டால், “பெல்ட்டுதான், பாத்துக்கிடலாம்” என்பார். அந்தப் பார்க்கிற நாளைக்குத்தான் இன்னும் தேதி அறிவிக்கவில்லை.

என்னைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். பெயர் தங்கபுஷ்பம். வயது முப்பது. படிப்பு, பி.எஸ்ஸி. விலங்கியல். தொழில், குரூப் ஃபோர் பரீட்சை எழுதுவது. இது மூன்றாவது தடவை. போன தடவை ஒன்றரை மார்க்கில் போய்விட்டது. ஒரு கேள்விக்கு ஒன்றரை மார்க். அதாவது ஒரே ஒரு கேள்வி. தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். என் மாமியார் போய்ச் சொல்லாத வீடு கிடையாது.

பரீட்சை ஜூன் 28. இருநூறு கேள்வி, மூன்று மணி நேரம். உளுந்தை எடுத்துக்கொண்டு மாவு மில்லுக்குப் போகிறேன்.

மே 6, புதன்

எதிர்வீட்டு ஜெயக்கொடி மதினி கறிவேப்பிலை கேட்டு வந்தாள். அவள் வீட்டு வாசலிலேயே கறிவேப்பிலை மரம் நிற்கிறது.

“என்ன புஷ்பம், படிப்பெல்லாம் எப்படிப் போவுது?”

“போவுது மதினி.”

“ஒன்றர மார்க்குல போனது எனக்கே இன்னும் ஆறல பாத்துக்கோ. அந்த ஒரு கேள்வி என்ன கேள்வின்னு ஞாபகம் இருக்கா?”

“இல்ல மதினி.”

“எப்படிட்டி மறக்கும்? நானா இருந்தா செவத்துல எழுதி வச்சிருப்பேன்.”

கல்யாணமாகி நான்கு வருடம். முன்பெல்லாம் விசேஷம் உண்டா என்று கேட்க வந்தவர்கள் இப்போது பரீட்சையைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். அந்த வகையில் தேர்வாணையத்துக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

அந்த ஒரு கேள்வி எது என்று நானும் ஏதாவது முடிவு செய்து வைத்துக்கொள்வது நல்லது. அடுத்த தடவை கேட்டால் சொல்லலாம்.

மே 11, திங்கள்

எங்கள் ‘வெற்றிப்படி பயிற்சி மையம்’ ஒரு டயர் கடைக்கு மேலே இருக்கிறது. பெயரில்தான் படி. ஏறுகிற படிக்குக் கைப்பிடி கூடக் கிடையாது. நாற்பத்திரண்டு பேருக்கு மூன்று மின்விசிறி. தினமும் காலையில் சார் எல்லாரையும் எழுப்பி, கண்ணை மூடச் சொல்லி, “நான் அரசு ஊழியர்” என்று மூன்று தடவை சொல்ல வைக்கிறார். கீழே டயருக்குக் காற்றடிக்கிற சத்தம் வருகிறது. மேலேயும் அதுதான் நடக்கிறது.

இன்று கணக்கு. A ஒரு வேலையை 12 நாளில் முடிப்பார், B 15 நாளில் முடிப்பார், இருவரும் சேர்ந்தால் எத்தனை நாள்? எங்கள் வீட்டில் A வேலை செய்வாள். B பக்கத்தில் நின்று, “அப்படிப் பிடிக்காத, இப்படிப் பிடி” என்பார். இருவரும் சேர்ந்தால் 20 நாள். இந்த விடை தாளில் இல்லை.

பக்கத்தில் உட்காருகிற ஷர்மிளா பானுவிடம் இதைச் சொன்னேன். இருபத்துநான்கு வயது, புளியங்குடிக்காரி, எதையும் முதல் தடவையிலேயே சரியாகப் போட்டுவிடுவாள். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது. சார் எங்கள் இரண்டு பேரையும் பாசிட்டிவாக முறைத்தார்.

மே 12, செவ்வாய்

பெல்ட்டுதானாம். பாத்துக்கிடலாமாம்.

மே 17, ஞாயிறு

இன்று மாதிரித் தேர்வு. ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையைக் கேட்டு வாங்கி, மணியடித்து, கண்காணிப்பாளர் வைத்து, நிஜம் போலவே நடத்தினார்கள். தொடங்கும் முன் சார் விடைத்தாளைத் தூக்கிக் காட்டினார்.

“ஏ, பி, சி, டி நாலும் விடை. அஞ்சாவதா ஈ-ன்னு ஒரு வட்டம் இருக்கு பாத்தியளா? அது, ‘விடை தெரியவில்லை’. தெரியாத கேள்விய வெள்ளையா விட்டுட்டு வரக் கூடாது. ஈ-யக் கறுப்பாக்கிட்டு வரணும். கடைசியில எத்தன ஏ, எத்தன பி, எத்தன ஈ-ன்னு எண்ணி எழுதணும்.”

முப்பது வயதில், பட்டம் வாங்கிய ஒருத்தி, எனக்குத் தெரியாது என்று அரசாங்கத்துக்குத் தன் கைப்பட எழுதிக் கொடுப்பதாம். அது எத்தனை தடவை என்று எண்ணியும் சொல்ல வேண்டுமாம். பானு இதை ‘ஈ அடிக்கிறது’ என்கிறாள். நான் இதுவரை ஒரு ஈ-கூட அடித்ததில்லை. தெரியாவிட்டால் ஏ-யோ பி-யோ ஏதோ ஒன்றைத் தொட்டுவிட்டுப் போய்விடுவேன். குடும்பமும் அப்படித்தான் நடத்திக்கொண்டிருக்கிறேன்.

முப்பத்தேழாவது கேள்வி வரைக்கும் நன்றாகத்தான் போனது. பிறகு மின்விசிறி ஒரு மாதிரி சத்தம் போட ஆரம்பித்தது. உள்ளங்கை நனைந்துவிட்டது. மே மாதம், வியர்க்கத்தான் செய்யும். எழுத்தெல்லாம் கொஞ்சம் நகர்ந்தது. அச்சு சரியில்லை. பேனா பிடிக்க வரவில்லை, அதுவும் புதுப் பேனா. காலையில் தின்ற கடைமாவு இட்லியைத்தான் சொல்ல வேண்டும். எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அதே தாளை அடுப்பங்கரையில் உட்கார்ந்து போட்டேன். நூற்று அறுபத்தெட்டு சரி. ஆக, எனக்கு ஒன்றும் இல்லை. இட்லிதான்.

மே 18, திங்கள்

“எத்தன வாங்குன?” என்று இவர் கேட்டார்.

“நூத்தி அறுபத்தெட்டு.”

“பாத்தியா! நான்தான் சொன்னம்லா!” என்று சட்டையை மாட்டிக்கொண்டு விசிலடித்தபடி கடைக்குப் போனார். எங்கே உட்கார்ந்து வாங்கினேன் என்று கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு விடை எழுதினால் மார்க் கிடையாது.

மே 24, ஞாயிறு

ஓசூரிலிருந்து இவருடைய சிநேகிதர் பேச்சிமுத்து போன் செய்தார். அவர் வேலை பார்க்கிற கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் சூப்பர்வைசர் இடம் காலியாம். இவரைக் கேட்கிறார்கள். மேஜை, நாற்காலி, கீழே நான்கு பேர். அடுத்த சனிக்கிழமைக்குள் சொல்ல வேண்டுமாம்.

இவர் பதினோரு வருடமாக அண்ணாச்சி கடையில் சாக்கு விரித்துத் தரையில் உட்கார்ந்து மோட்டார் கழற்றுகிறார். எழுந்திருக்கும்போது ஒரு கையைச் சுவரில் ஊன்றித்தான் எழுவார். அவருக்கு நாற்காலி என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.

“என்ன சொல்லுத புஷ்பம்? ஒனக்கு ஒரே ஒரு கேள்விதான பாக்கி. நீ இங்ஙன கவர்மெண்டு வேலக்கிப் போயிட்டா நான் அங்ஙன ஒத்தையில போயி என்ன செய்ய? அதான் யோசிக்கேன்.”

சொல்வதற்கு என்னிடம் ஒரு விஷயம் இருந்தது. நான் சொன்னது, “ஒங்க இஷ்டம்.”

மே 27, புதன்

கூற்று: எனக்குப் பயம் கிடையாது.
காரணம்: நான் நன்றாகப் படித்திருக்கிறேன்.

அ. கூற்றும் காரணமும் சரி.
ஆ. கூற்று தவறு, காரணம் சரி.

இன்றைக்கு இவ்வளவுதான். நல்ல தண்ணீர் வருகிற நாள். குடத்தைத் தூக்க வேண்டும்.

மே 30, சனி

சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். இவர் நடையில் நின்று பேச்சிமுத்துவுக்குப் போன் போட்டார்.

“இல்லடே, தோதுப்படாது. எம் பொண்டாட்டி ஒரே ஒரு கேள்வியில விட்டுட்டா. இந்த மொற நூத்தி அறுபத்தெட்டு எடுக்கா. அவ ஜெயிக்கிற நேரத்துல நான் ஊர மாத்திட்டு…”

மிக்ஸியை வேகமாகத் திருப்பிவிட்டேன். மீதி கேட்கவில்லை. சட்னி பாயசம் மாதிரி ஆகிவிட்டது. அதைத் தொட்டு இவர் மூன்று தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

ஜூன் 2, செவ்வாய்

குடிமையியல் முடித்தேன். ஒன்றும் ஞாபகம் இல்லை. வெயில் இல்லை, துணியும் காயவில்லை.

ஜூன் 4, வியாழன்

நான்கு நாளாகச் சோறு இறங்கவில்லை. காலையில் வாந்தி. அத்தை கண்ணை அகல விரித்துக்கொண்டு, “ஏட்டி, குளிச்சு எத்தன நாளாச்சு?” என்றாள். அதெல்லாம் இல்லை என்றதும் கண் பழைய அளவுக்கு வந்துவிட்டது. “அப்ப பித்தம்” என்று இஞ்சி தட்டிக் கொடுத்தாள்.

ஞானதுரை சாரிடம் நெஞ்சு படபடக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். “அது எனர்ஜிம்மா! அத அப்படியே படிப்புல திருப்புங்க” என்றார். சாரை ஆஸ்பத்திரியில் வேலைக்கு வைத்தால் அத்தனை பேரையும் எனர்ஜி என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

ஜூன் 7, ஞாயிறு

இரண்டாவது மாதிரித் தேர்வு. அதே பள்ளிக்கூடம், வேறு வகுப்பறை, வேறு மின்விசிறி. காலையில் பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் சாப்பிடவில்லை. ஆகவே இன்றைக்கு இட்லியின் மேல் பழி போட முடியாது.

முப்பத்தெட்டில் கை நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எழுந்து வந்ததுதான் தெரியும். வெளியே குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது பானு வந்தாள். அவளும் பாதியில் எழுந்து வந்திருக்கிறாள்.

“நீ எதுக்குட்டி வந்த? போய் எழுது.”

“இது சும்மா பரீட்சதானக்கா. கையக் காட்டுங்க.” கையைப் பிடித்துப் பார்த்தாள். நடுங்கியது. “போன தடவ ஒன்றர மார்க்குல போச்சுன்னீங்களே. அப்ப கையி நடுங்கலியா?”

நான் மறுபடி முகத்தைக் கழுவினேன். பானு குழாயை நன்றாக இறுக்கி மூடினாள்.

சரி. மனதில் உள்ளதைக் கொட்டத்தானே இந்த நோட்டு. கொட்டுகிறேன்.

போன தடவை நான் முப்பத்தேழு வட்டம்தான் நிரப்பினேன். மீதி நூற்று அறுபத்து மூன்றும் வெள்ளை. மூன்று மணி நேரமும் பேனாவைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். மூச்சு முட்டியது, செத்துவிடுவேன் என்று நினைத்தேன். எழுந்தால் எல்லாரும் பார்ப்பார்கள் என்று எழவில்லை. கண்காணிப்பாளர் அம்மா இரண்டு தடவை வந்து, “எழுதும்மா” என்றார்.

ரிசல்ட் வந்த அன்று பிரவுசிங் சென்டர் வரைக்கும் போனேன். உள்ளே போகவில்லை. போய் எதைப் பார்க்க? எனக்கு முன்னால் ஒரு பெண் வெளியே வந்து, “ஒன்றர மார்க்கும்மா, ஒன்றர மார்க்குல போச்சும்மா” என்று அவள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவ்வளவு மரியாதையாகக் கூடத் தோற்கலாமா என்று இருந்தது. வீட்டுக்கு வந்ததும் இவர் கேட்டார். வாயில் அதுதான் வந்தது.

என் வாழ்க்கையில் நான் காப்பியடித்தது அது ஒன்றுதான். அதிலும் அடுத்தவள் அழுகை.

ஜூன் 8, திங்கள்

சொல்லிவிட்டேன்.

இன்று இவர் கடைக்கு லீவு போட்டிருந்தார். கேட்காமலேயே, ஐம்பத்தேழு நாளில் முதல் தடவையாக, கிரைண்டரைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிரித்துப் போட்டிருந்தார். எதிரே போய் உட்கார்ந்தேன்.

“போன தடவ ஒன்றர மார்க்கு இல்லங்க.”

“பெறவு? மூணா?”

“நான் எழுதவே இல்ல. முப்பத்தேழு கேள்விதான் எழுதுனேன். அதுக்கு மேல கை ஓடல. இப்பவும் ஓடல. நூத்தி அறுபத்தெட்டு வீட்டுல உக்காந்து எடுத்தது.”

பழைய பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கணக்குத்தான் போட்டார்.

“நூத்தி அறுவத்தி மூணு கேள்வி.”

“ஆமா.”

“அன்னைக்கு பேச்சிமுத்துகிட்டப் பேசும்போது நீ எங்க நின்ன?”

“அடுப்பங்கரையில.”

“கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“கேட்டுக்கிட்டு சட்னி அரைச்சிருக்க.”

புது பெல்ட்டை மாட்டினார். ஒவ்வொரு திருகாக முடுக்கினார். ஓடவிட்டுப் பார்த்தார். கையைக் கழுவினார். சாப்பிடாமல் வெளியே போனார். லீவு நாளில் எங்கே போனார் என்று தெரியாது.

கிரைண்டர் நன்றாக ஓடுகிறது.

ஜூன் 10, புதன்

அத்தைக்கும் தெரிந்துவிட்டது. இவர் சொல்லவில்லை, நானே சொன்னேன். ஒரு தடவை ஆரம்பித்துவிட்டால் நிறுத்த முடியவில்லை. பால்காரர் வந்திருந்தால் அவரிடமும் சொல்லியிருப்பேன்.

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சொன்னாள்: “இந்தா பாரு, தெருவுக்கு நான் சொன்னது சொன்னதுதான். இனிமே போயி வீடு வீடா மாத்த முடியாது. தெருவுக்கு ஒன்றர. எனக்கு மட்டும் நூத்தி அறுவத்தி மூணு. போயி மொகத்தக் கழுவு.”

இந்தத் தெருவில் தேர்வாணையத்தை விடப் பெரிய ஆணையம் என் மாமியார்தான்.

ஜூன் 14, ஞாயிறு

பேச்சிமுத்துவுக்கு இவர் மறுபடி போன் செய்திருக்கிறார். சூப்பர்வைசர் இடத்துக்கு ஆள் வந்துவிட்டதாம். வீடு வீடாகப் போய் ரிப்பேர் பார்க்கிற வேலை இருக்கிறதாம். நாற்காலி கிடையாது, பைக் உண்டு. சரி என்று சொல்லிவிட்டார்.

மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பினார். எலுமிச்சைச் சாதம் கட்டிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். அத்தையிடம், “வாரேம்மா” என்றார். என்னிடம், “படி” என்றார். ஆறு நாளில் அது ஒன்றுதான் என்னிடம் பேசியது. ஒரு சொல், இரண்டு எழுத்து, ஏவல் வினைமுற்று.

பஸ் போன பிறகு அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதேன். அந்த நாற்காலியை நான்தான் பிடுங்கினேன். இதில் கிண்டல் பண்ண ஒன்றும் இல்லை.

ஜூன் 18, வியாழன்

தினமும் அத்தைக்குப் போன் வருகிறது. “சாப்பிட்டியாம்மா, மாத்திர போட்டியாம்மா?” கடைசியில், “அவ படிக்காளா?” அத்தை என்னைப் பார்த்துக்கொண்டே, “படிக்கா, படிக்கா” என்கிறாள். ‘அவ’ என்கிறவள் இரண்டடி தள்ளி வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள்.

பரீட்சைக்குப் போக வேண்டாம் என்று நினைத்தேன். போனால்தானே கை நடுங்கும். பானுவிடம் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று பார்த்தால், “போகாட்டி மட்டும் அண்ணன் திரும்பிப் பேசிருவாராக்கா?” என்று கேட்டாள். இந்தக் கேள்விக்கு ஏ, பி, சி, டி எதுவும் பொருந்தவில்லை.

ஜூன் 21, ஞாயிறு

பானு சாவி வாங்கி வந்து, பயிற்சி மையத்தில் என்னை மட்டும் உட்கார வைத்துத் தாள் போடச் சொன்னாள். அவள் கண்காணிப்பாளர் மாதிரி பின்னால் கைகட்டிக்கொண்டு நடந்தாள். செருப்புச் சத்தம் கூட அச்சு அசல்.

நாற்பதில் கை நின்றது. பானு வந்து குனிந்தாள்.

“அக்கா, இந்தக் கேள்விக்கு விட தெரியுமா?”

“தெரியாது.”

“நெசமாவே தெரியாதா?”

“நெசமாவே தெரியாதுட்டி!”

“அப்ப ஈ அடிங்க. அதுல தப்பே வராதுல்லா? ஒங்களுக்குத் தெரியாதுங்கறது ஒங்களுக்குத் தெரியும்ல. அடிச்சுட்டு அடுத்ததுக்குப் போங்க.”

அடித்தேன். முப்பது வயதில் என் முதல் ஈ. வட்டம் முழுக்கக் கறுப்பாகிற வரைக்கும் பேனா சுற்றியது. சுற்றிக்கொண்டிருந்ததால் அடுத்த கேள்விக்கும் அப்படியே போய்விட்டது. அறுபத்திரண்டு வரை போனேன். அறுபத்திரண்டில் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் போனேன்.

நெஞ்சு படபடப்பு நிற்கவில்லை. அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது, நான் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 25, வியாழன்

ஹால் டிக்கெட் எடுத்தேன். சென்டர் கடையநல்லூர். புகைப்படத்தில் இருக்கிறவளைப் பார்த்தால் எனக்கே சந்தேகமாக இருக்கிறது. அவ்வளவு தைரியமாகப் பார்க்கிறாள்.

ஞானதுரை சார் கடைசி வகுப்பில், “வெற்றி உங்கள் நெற்றியில் எழுதியிருக்கு” என்றார். பின்வரிசையிலிருந்து ஒருத்தர், “கறுப்பு மையிலயா சார்?” என்றார். சாரே சிரித்துவிட்டார்.

ஜூன் 27, சனி

அத்தை இரண்டு பேனாவையும் காகிதத்தில் கிறுக்கிக் கிறுக்கிப் பார்த்தாள். பார்த்ததில் ஒன்று தீர்ந்துவிட்டது. கடைக்குப் போய் வேறு வாங்கினேன்.

ஜூன் 28, ஞாயிறு

பஸ்ஸில் திரும்பி வரும்போது எழுதுகிறேன். கோணலாகத்தான் இருக்கும்.

எட்டரைக்கே உள்ளே விட்டுவிட்டார்கள். ஜன்னலோரம் இடம். பக்கத்து பெஞ்சில் ஒரு அண்ணாச்சி, நாற்பத்தைந்து வயது இருக்கும், நெற்றி நிறைய விபூதியோடு. மணி அடித்தது. முதல் கேள்வி பிரித்து எழுதுக. பிரித்தேன்.

முப்பத்தேழைத் தாண்டும்போது வேண்டுமென்றே எண்ணைப் பார்க்கவில்லை. நாற்பத்து நான்கில் வந்துவிட்டது. முதலில் காது அடைத்தது, பிறகு உள்ளங்கை, பிறகு மூச்சு. விடைத்தாளில் ஒரு சொட்டு விழுந்தது. வியர்வையா, கண்ணீரா தெரியாது. எழுந்து போய்விடலாம் என்று காலை எடுத்து வெளியே வைத்துவிட்டேன். நிஜமாகவே வைத்துவிட்டேன். கண்காணிப்பாளர் திரும்பிப் பார்த்தார்.

ஓசூரில் யார் வீட்டு அடுப்பங்கரையிலோ அவர் தரையில் உட்கார்ந்திருப்பார் என்று நினைப்பு வந்தது. காலை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

நாற்பத்து நான்காவது கேள்வி ஏதோ ஒரு சட்டத்திருத்தம், எத்தனையாவது என்று. எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஈ அடித்தேன். நாற்பத்தைந்து தெரியும், டி. நாற்பத்தாறு தெரியும். நாற்பத்தேழு, ஈ. தொண்ணூறில் மறுபடி வந்தது, நூற்று முப்பதில் இன்னொரு தடவை. ஒவ்வொரு தடவையும் நிஜமாகத் தெரியாத ஒன்றைத் தேடி அடித்துவிட்டு நகர்ந்தேன். அரசாங்கம் என்னை மாதிரி ஆள் வரும் என்று தெரிந்தேதான் அந்த வட்டத்தைப் போட்டிருக்க வேண்டும்.

இருநூறு. ஒரு வட்டம் கூட வெள்ளை இல்லை. கடைசியில் எண்ணினேன். ஈ பதினேழு. மறுபடி எண்ணினேன். பதினேழு. எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்து பையை வாங்கி, போனை எடுத்து, முதலில் இவருக்குத்தான் அடித்தேன். நேராக இவரை நான் கூப்பிடுவது பதினான்கு நாளில் முதல் தடவை. கடைசி மணியில் எடுத்தார்.

“ம்.”

“எழுதிட்டேன்.”

பின்னால் ஏதோ மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

“எத்தன?”

“இருநூறும்.”

“இருநூறும்.” அவர் திருப்பிச் சொன்ன விதத்திலேயே தெரிந்தது. நம்பவில்லை. நம்புவதற்கு நான் என்ன வைத்திருக்கிறேன்? “நல்லா எழுதியிருக்கியாக்கும்?”

“பதினேழு ஈ அடிச்சிருக்கேன்.”

“என்னத்த அடிச்ச?”

“ஈ. தெரியலன்னா தெரியலன்னு அடிக்கிற வட்டம். பதினேழு கேள்விக்கு எனக்குத் தெரியாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டு வந்திருக்கேன்.”

மோட்டார் நின்றது. அவர்தான் நிறுத்தியிருக்க வேண்டும்.

“பதினேழு தெரியலியா?”

“தெரியல.”

“ஒண்ணு, ரெண்டுன்னு கொறச்சுச் சொல்லியிருக்கலாம்லா.”

“சொல்லியிருக்கலாம். பதினேழுதான்.”

கட் ஆகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

“சரி புஷ்பம்,” என்றார். “இத நம்புதேன்.”

அழுகை வந்துவிட்டது. போனை வைத்த பிறகும் நிற்கவில்லை. கடையநல்லூர் பஸ் ஸ்டாண்டில், ஹால் டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆட்கள் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் அழுதேன். கூடையோடு நின்ற ஒரு அம்மா பக்கத்தில் வந்து தோளைத் தட்டினாள்.

“அழாதத்தா. எத்தன மார்க்குல போகும்?”

“இல்லம்மா,” என்றேன். “நல்லா எழுதியிருக்கேன்.”

அந்த அம்மா நம்பவே இல்லை.